14 நாள் மாத்திரையும் 16 கோடி யென் மருந்தும்

டோக்கியோவில் நிஷிகசாய் பக்கம் குடியிருக்கிறேன். தெருவுக்கு நாலு இந்தியக் குடும்பம் இருக்கும் இடம். தோல் அரிப்பு ஒன்று வருஷக்கணக்கில் விடாமல் படுத்திக்கொண்டிருந்ததால் டாக்டர் ஒரு புது மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை நன்றாகவே கேட்டது. சிக்கல் வேறு இடத்தில் வந்தது. பழைய மாத்திரையை இரண்டு மாதத்துக்குச் சேர்த்துத் தந்தவர்கள், இதை 14 நாளுக்கு மேல் தர மாட்டோம் என்றார்கள். பதினைந்தாவது நாள் மறுபடி அரைநாள் லீவு, மறுபடி டோக்கன். "எப்படி இருக்கிறது?" "பரவாயில்லை." இரண்டு நிமிஷத்தில் வெளியே வந்து எதிரே இருக்கும் மருந்துக் கடைக்கு நடக்க வேண்டும். அங்கே ஒகுசுரி தெச்சோ என்கிற குட்டி நோட்டில் (எந்த மருந்து, எத்தனை நாளுக்கு என்று எழுதிவைக்கும் நோட்டு, இந்த ஊரில் எல்லோர் பையிலும் இருக்கும்) ஒரு ஸ்டிக்கரை ஒட்டித் தருவார்கள்.

மூன்றாவது தடவை பொறுக்க முடியாமல் மருந்தாளுநரிடம் கேட்டேன். ஏதோ தன் தப்பு மாதிரி தலையைக் குனிந்து, "ஷின்யாகு தெஸ் கரா" என்றார். புது மருந்துங்க, அதனால என்று அர்த்தம். கூட வந்த நண்பர் சிரித்தார். ஊராக இருந்தால் கடையில் மூணு அட்டையாகச் சேர்த்து வாங்கிப் போட்டிருக்கலாமே என்று.

அந்த 14 நாள் விஷயத்தைத் தோண்டப் போய், ஜப்பானின் பொதுக் காப்பீடு புது மருந்துகளை எப்படி நடத்துகிறது என்ற முழுக் கதையும் கையில் மாட்டியது. சுருக்கமாகச் சொன்னால், இந்த ஊர் மருந்தை முதலில் வீட்டுக்குள் விட்டுவிடும், பேரத்தை அப்புறம் பேசும். உலகத்தில் பல நாடுகள் வாசலிலேயே நிறுத்திப் பேரம் பேசும்போது இவர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள், அதில் யாருக்கு லாபம், யாருக்கு அடி என்பதுதான் விஷயம்.

முதலில் அந்த 14 நாள். விதி எளிது. ஒரு புது மருந்து காப்பீட்டின் விலைப் பட்டியலில் ஏறினால், அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து ஒரு வருஷம் வரைக்கும் ஒரு சீட்டில் 14 நாளுக்கு மேல் எழுதக் கூடாது. ஒரு காலத்தில் எல்லா மருந்துக்குமே இப்படி நாள் கணக்கு இருந்தது. 2002 ஏப்ரலில் பெரும்பாலானவற்றுக்கு அதை எடுத்துவிட்டார்கள், புது மருந்துக்கும் போதை வகை மருந்துகளுக்கும் மட்டும் விட்டுவைத்தார்கள்.

புது மருந்து மீதான இந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. 1993இல் சொரிவுடின் என்று அக்கிக்கு ஒரு மாத்திரை செப்டம்பரில் கடைக்கு வந்தது. சில புற்றுநோய் மருந்துகளோடு சேர்ந்தால் அது விஷமாகிவிடும், புற்றுநோய் மருந்து உடம்பிலிருந்து வெளியேற முடியாமல் தேங்கிவிடும். விற்பனைக்கு வந்த கொஞ்ச நாளிலேயே 15 பேர் இறந்துபோனார்கள். அடுத்து 2002 ஜூலையில் இரெசா என்ற நுரையீரல் புற்றுநோய் மாத்திரைக்கு உலகிலேயே முதலில் அனுமதி கொடுத்தது ஜப்பான். மாத்திரைதானே, வீட்டிலேயே விழுங்கலாமே என்று ஆயிரக்கணக்கானவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நுரையீரல் திசு வீங்கி, அந்த வருஷம் முடிவதற்குள் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2013இல் குடும்பங்கள் தோற்றன. சோதனைக் கட்டத்தில் சில நூறு பேரிடம் தெரியாத பக்க விளைவு, பத்தாயிரம் பேர் சாப்பிடும்போதுதான் தலைகாட்டும் என்பது இந்த நாட்டு மருந்துத் துறைக்குத் தழும்பாகவே பதிந்த பாடம். புது மருந்து வெளியானதும் ஆறு மாதம் கம்பெனிக்காரர்களே ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய் விசாரிக்க வேண்டும் என்ற விதியும் இப்படிப்பட்ட பயத்திலிருந்து வந்ததுதான்.

ஆனால் என்னைக் கேட்டால், மருந்துச் சீட்டு முழுக்கக் கம்ப்யூட்டரில் ஓடும் இந்தக் காலத்தில், மாதக் கணக்கில் ஒழுங்காகக் கேட்கிற மருந்துக்கும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆளை இழுத்தடிப்பது பாதுகாப்பைவிடப் பழக்கமாகத்தான் தெரிகிறது. ரசீதைப் பார்த்தேன். இங்கே எல்லாம் புள்ளிக் கணக்கு, ஒரு புள்ளிக்கு 10 யென். அப்போது மறுமுறை டாக்டரைப் பார்க்கும் கட்டணம் மட்டும் 75 புள்ளியாக இருந்தது, அதாவது 750 யென். அதில் என் பங்கு 30 சதவீதம், மீதி 70 சதவீதத்தைக் கட்டுவது காப்பீடு. தேவையில்லாத ஒவ்வொரு நடைக்கும் என்னோடு சேர்ந்து ஊரே காசு கொடுக்கிறது. (இன்றைய நிலவரத்தில் 100 யென் என்பது ஏறக்குறைய 55 முதல் 60 ரூபாய்.)

சரி, இந்த எரிச்சலைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தால் ரசீதில் வேறொன்று கண்ணில் படும். நேற்றுத்தான் அனுமதி கிடைத்த மாதிரியான ஒரு மருந்து, அதற்குள் எப்படிக் காப்பீட்டுக்குள் வந்தது? இந்தியாவில் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி கொடுத்தால் விற்கலாம் என்று அர்த்தம், அவ்வளவுதான். யார் காசு கொடுப்பது என்பது தனிக் கதை. நம் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம்கூட பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்து செய்யும் சிகிச்சைக்குத்தான் கைகொடுக்கும். மாதாமாதம் கடையில் வாங்கும் மாத்திரைக்கு நம் பர்ஸ்தான். பிரிட்டனில் அனுமதி ஒரு கதவு என்றால், கொடுக்கும் காசுக்குத் தகுமா என்று பார்க்கும் நைஸ் என்ற அமைப்பு இன்னொரு கதவு. ஜப்பானில் இரண்டாவது கதவு கிட்டத்தட்ட திறந்தே கிடக்கிறது. மருத்துவர் சீட்டில் தரும் புது மருந்துக்கு அனுமதி கிடைத்தால், பொதுவாக 60 நாளுக்குள், ரொம்ப இழுத்தால் 90 நாளுக்குள் விலை போட்டுப் பட்டியலில் ஏற்றிவிடுவார்கள். 1961இல் எல்லோருக்கும் காப்பீடு என்று ஆக்கிய நாடு. அனுமதித்த மருந்து பணக்காரருக்கு மட்டும் கிடைப்பது என்பதை அவர்களால் ஜீரணிக்க முடிவதில்லை.

இன்னொரு நிர்ப்பந்தமும் இருக்கிறது. காப்பீட்டில் இல்லாத ஒரு மருந்தை நாமே காசு கொடுத்து வாங்கிச் சேர்த்துக்கொண்டால், அந்தச் சிகிச்சை மொத்தத்துக்கும், ரத்தப் பரிசோதனை, படுக்கை உட்பட, காப்பீடு கையை விரித்துவிடும். கலந்து கட்டுவதற்குத் தடை. சில விதிவிலக்குகள் உண்டு, இருந்தாலும் அடிப்படை அதுதான், 2011இல் உச்ச நீதிமன்றமும் சரி என்று சொல்லிவிட்டது. அதனால் பட்டியலில் இல்லாத மருந்து இங்கே பெரும்பாலானோருக்கு இல்லாத மருந்துதான்.

விலை யார் போடுகிறார்கள்? கம்பெனி சொல்வது விலை கிடையாது. சுகாதார அமைச்சகத்தின் நிபுணர் குழு கணக்குப் போடும், சூயிக்யோ என்று எல்லோரும் சுருக்கிச் சொல்லும் மன்றம் தலையாட்டும். காப்பீட்டுக்குக் காசு கட்டுபவர்கள், டாக்டர்கள் தரப்பு, நடுநிலையாளர்கள் என்று மூன்று பக்கமும் உட்காரும் மன்றம் அது. வருஷத்துக்குச் சில தடவை பட்டியல் வரும். கணக்கு இரண்டு வகை. ஏற்கெனவே அதே நோய்க்கு ஒரு மருந்து இருந்தால், அதன் ஒரு நாள் செலவும் புது மருந்தின் ஒரு நாள் செலவும் சமமாக வருமாறு வைத்து, புதுமைக்கு, குழந்தைகளுக்கு என்று மேலே சதவீதம் போடுவார்கள். ஒப்பிட ஒன்றுமே இல்லையென்றால் தயாரிப்புச் செலவு, ஆராய்ச்சி, லாபம் எல்லாவற்றையும் கூட்டுவார்கள்.

முதல் வகையின் விசித்திரத்துக்கு சோல்ஜென்ஸ்மாவைப் பாருங்கள். முதுகுத்தண்டு நரம்பணுக்கள் செத்துத் தசை சுருங்கும் பிறவி நோயுள்ள, இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ஒரே ஒரு முறை ஏற்றும் மரபணு மருந்து. 2020 மே மாதம் பட்டியலில் ஏறியது, விலை 16,70,77,222 யென். இந்த எண் வானத்திலிருந்து குதிக்கவில்லை. அதே நோய்க்கு ஸ்பின்ராசா என்ற ஊசி இருந்தது, ஒரு குப்பி 94,93,024 யென். அதில் 11 குப்பிக்குச் சமம் என்று வைத்தார்கள். பெருக்கினால் 10,44,23,264. அதற்கு மேல் பயன் கூடுதலுக்கு 50 சதவீதம், இங்கே முந்தி வந்ததற்கு 10 சதவீதம். 1.6ஆல் பெருக்கிப் பாருங்கள், கடைசி யென் வரைக்கும் சரியாக வரும். மளிகைக் கடைச் சீட்டு மாதிரியான கணக்கு, பெருக்குவது மட்டும் கோடிகளில். வருஷத்துக்கு 25 குழந்தைகள்தான் என்று மதிப்பிட்டதால் யாரும் பெரிதாகச் சண்டை போடவில்லை.

சண்டை வந்தது வேறொரு மருந்தில். ஆப்டிவோ. கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஹோன்ஜோ தசுக்குவின் குழு 1992இல் கண்டுபிடித்த ஒரு புரதத்திலிருந்து பிறந்த புற்றுநோய் மருந்து. அவருக்கு 2018இல் நோபல் பரிசே கிடைத்தது. ஒசாக்காவின் ஓனோ கம்பெனி தயாரிப்பு. 2014இல் இது உள்ளே வந்தபோது மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கு மட்டும்தான் அனுமதி. ஜப்பானில் அது ரொம்ப அபூர்வம், உச்சத்தில் போனாலும் 470 பேர்தான் என்று கணக்குப் போட்டார்கள். ஒப்பிட மருந்து கிடையாது, ஆகவே செலவைக் கூட்டும் முறை. போட்ட முதலை 470 பேரிடமிருந்து எடுக்க வேண்டுமென்றால் விலை என்னவாகும்? 100 மில்லிகிராமுக்கு 7,29,849 யென் ஆனது.

அடுத்த வருஷம் டிசம்பரில் அதே மருந்துக்கு நுரையீரல் புற்றுநோய்க்கும் அனுமதி கிடைத்தது. இது அபூர்வ நோய் இல்லை. அதுமட்டுமில்லாமல் மெலனோமாவுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, எடைக்குக் கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்று இருந்தது, நுரையீரலுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 3 மில்லிகிராம் ஆனது. ஆள் கூடியது, அளவு கூடியது, தடவையும் கூடியது, விலை மட்டும் 470 பேருக்குப் போட்ட அதே விலை. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு வருஷத்துக்குச் சுமார் 3.5 கோடி யென். 50,000 பேர் ஒரு வருஷம் எடுத்துக்கொண்டால் 1,75,000 கோடி யென் ஆகும் என்று ஒரு நுரையீரல் புற்றுநோய் மருத்துவர் 2016இல் அரசுக் குழு முன்னால் போய்ச் சொன்னார். (நம் ஊர்க்காரர்களுக்கு இந்த எண்ணைக் கேட்டால் வேறு ஒரு அலைக்கற்றை விவகாரம் ஞாபகம் வரும். ஆனால் இங்கே பேச்சு யென்னில்.) நிஜ விற்பனை அந்த அளவுக்குக் கிட்டக்கூடப் போகவில்லை. இருந்தாலும் அந்த எண் ஒரு மருந்து நாட்டையே சாய்த்துவிடும் என்ற கிலியை உண்டாக்கிவிட்டது. அமெரிக்காவில் இதே மருந்து பாதி விலைக்கும் குறைவு, பிரிட்டனில் ஐந்தில் ஒரு பங்கு என்ற ஒப்பீடும் வெளியே வந்தது. தன் ஊரில் கண்டுபிடித்த மருந்தைத் தானே எல்லோரையும்விட அதிக விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தது ஜப்பான்.

அப்போதெல்லாம் விலைத் திருத்தம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான். அடுத்த முறை 2018 ஏப்ரலில்தான் வந்திருக்கும். காத்திருக்க முடியாது என்று 2017 பிப்ரவரியில் நடுவழியிலேயே விலையைச் சரிபாதியாக வெட்டினார்கள். 2018 நவம்பருக்குள் 1,73,768 யென்னுக்கு இறங்கிவிட்டது. நாலு வருஷத்தில் கால்பங்குக்கும் கீழே.

முதலில் உள்ளே விடு, பிறகு பேரம் பேசு என்று நான் சொன்னது இதைத்தான். இந்தப் பேரத்துக்கு இப்போது விதிகளே உண்டு. வருஷ விற்பனை 10,000 கோடி யென்னைத் தாண்டி எதிர்பார்த்ததைவிட ஒன்றரை மடங்கு போனால் 25 சதவீதம் வரை வெட்டலாம், 15,000 கோடியைத் தாண்டி 1.3 மடங்கு போனாலே 50 சதவீதம் வரை வெட்டலாம். கல்லீரல் அழற்சி சி வகையை மாத்திரையிலேயே குணப்படுத்திய சோவால்டி இதில்தான் மாட்டியது. 2015இல் ஒரு மாத்திரை 61,799 யென்னுக்கு வந்து, 2016 ஏப்ரலில் 31.7 சதவீதம் குறைந்தது. நன்றாக விற்றதற்குத் தண்டனையா என்று கம்பெனிகள் கேட்டன. அந்தக் கேள்வியிலும் நியாயம் இல்லாமல் இல்லை. 2021 முதல் விலைத் திருத்தமே வருஷாவருஷம் என்றாகிவிட்டது. செலவைக் கூட்டும் முறையில் கம்பெனி தன் கணக்கைப் பாதிக்குமேல் திறந்து காட்டாவிட்டால் கூடுதல் சதவீதமே கிடையாது என்றும் ஆக்கிவிட்டார்கள்.

இத்தனையிலும் நோயாளி என்ன கட்டுகிறார்? 30 சதவீதம் என்று மேலே சொன்னேன், ஆனால் 3.5 கோடியில் 30 சதவீதத்தை யாரால் கட்ட முடியும்? அதற்குத்தான் மாத உச்சவரம்பு. நடுத்தர வருமானக்காரருக்கு (70 வயதுக்குள், வருஷத்துக்கு ஏறக்குறைய 37 லட்சத்திலிருந்து 77 லட்சம் யென் வரை சம்பாதிப்பவர்) 2025 நிலவரப்படி மாதத்துக்கு 80,100 யென், அதோடு மொத்தச் செலவில் 2,67,000ஐத் தாண்டிய தொகைக்கு 1 சதவீதம். ரத்தப் புற்றுநோய்க்கான கிம்ரையா 2019இல் 3,34,93,407 யென்னுக்கு வந்தது. மொத்தச் செலவை 3.35 கோடி என்று வைத்தால் நோயாளி கட்டுவது சுமார் 4.12 லட்சம். ஒரு வருஷத்துக்குள் இப்படி மூன்று மாதம் உச்சவரம்பைத் தொட்டுவிட்டால், நாலாவது மாதத்திலிருந்து 44,400தான்.

லெக்கெம்பியைப் பார்த்தால் ஜப்பான், பிரிட்டன் இரண்டு நாட்டு மனசும் தெரிந்துவிடும். அல்சைமருக்கான மருந்து, ஜப்பானின் எய்சாய் கம்பெனியுடையது. இங்கே 2023 செப்டம்பர் 25 அனுமதி, டிசம்பர் 20 பட்டியல். 500 மில்லிகிராம் 1,14,443 யென், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, 50 கிலோ எடைக்கு வருஷத்தில் 26 தடவை, ஆக ஏறக்குறைய 29.8 லட்சம். சாதாரண வருமானமுள்ள, 70 வயதைத் தாண்டிய தாத்தா பாட்டிக்கு வெளிநோயாளி உச்சவரம்பு 2025 நிலவரப்படி வருஷத்துக்கு 1,44,000 யென்தான். மீதியெல்லாம் ஊர்க் கணக்கு. பிரிட்டனில் 2024 ஆகஸ்ட் 22 அன்று அனுமதி கிடைத்தது. அதே நாளில் நைஸ், கிடைக்கும் பலன் கொடுக்கும் காசுக்குக் காணாது, பரிந்துரைக்க மாட்டோம் என்று வரைவு அறிக்கை விட்டது. ஜப்பானும் அந்தக் கணக்கைப் போடாமலில்லை. 2019 ஏப்ரலிலிருந்து போடுகிறது. ஆனால் மருந்தை உள்ளே விட்ட பிறகு, விலையைத் திருத்துவதற்கு மட்டும். லெக்கெம்பிக்கு அந்தக் கணக்கு முடிந்து 2025 நவம்பரில் 15 சதவீதம் குறைத்தார்கள், 97,277 யென். இங்கிலாந்தில் முடியாது என்பதற்குக் காரணமாக இருந்த அதே வகைக் கேள்வி, இங்கே 15 சதவீதத் தள்ளுபடியில் முடிந்துவிட்டது.

நோயாளியாக இருந்தால் எனக்கு ஜப்பான் முறைதான் வேண்டும், சந்தேகமே இல்லை. சந்தா கட்டுபவனாக யோசித்தால் கொஞ்சம் தயங்குவேன். மாதச் சம்பளத்தில் போகும் காப்பீட்டுப் பிடித்தம் வருமான வரியைவிடப் பெரிதாக இருப்பதை இங்கே வேலை பார்க்கும் பல நண்பர்கள் முதல் சம்பளச் சீட்டிலேயே கண்டு திகைத்திருப்பார்கள்.

இந்த முறைக்கு இன்னொரு விலை உண்டு, அது ரசீதில் வராது. உள்ளே போனால் வருஷாவருஷம் வெட்டுவார்கள், நன்றாக விற்றால் இன்னும் வெட்டுவார்கள் என்று தெரிந்த கம்பெனிக்கு ஜப்பானுக்கு வரும் ஆசை குறையும். 2023 மார்ச் நிலவரப்படி அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ அனுமதி பெற்று ஜப்பானில் அனுமதி இல்லாத மருந்துகள் 143. அதில் 86 மருந்துகளுக்கு இங்கே கொண்டுவரும் வேலையையே யாரும் தொடங்கவில்லை. பாதிக்கு மேல் சின்னச் சின்னப் புது நிறுவனங்களின் மருந்துகள், குழந்தைகளுக்கும் அபூர்வ நோய்களுக்கும் ஆனவையும் நிறைய. விலை மட்டும் காரணம் இல்லை, ஜப்பானியர்களிடம் தனியாகச் சோதனை, ஜப்பானிய மொழியில் எல்லா ஆவணமும் என்ற தொல்லையும் சேர்ந்தது. பயந்துபோய் 2024இல் புது மருந்துகளின் விலையை வெட்டாமல் காக்கும் சலுகையைத் திரும்பக் கொஞ்சம் தாராளமாக்கினார்கள். ஒரு கையால் வெட்டு, மறு கையால் வெல்லம்.

உச்சவரம்புக்கும் கத்தி வந்தது. 2025 ஆகஸ்டிலிருந்து அதை உயர்த்தலாம் என்று அரசு திட்டம் போட்டது. புற்றுநோயாளிகளும் அபூர்வ நோயாளிகளும் கிளம்பினார்கள். மாதாமாதம் உச்சவரம்பைத் தொட்டுக்கொண்டே இருப்பவர்களுக்கு அது வெறும் எண் கிடையாது, மருந்தை நிறுத்துவதா வேண்டாமா என்கிற கேள்வி. 2025 மார்ச் 7ஆம் தேதி அப்போதைய பிரதமர் இஷிபா நிறுத்திவைப்பதாக அறிவித்தார். தள்ளிப்போட்டாரே தவிரக் கைவிடவில்லை.

இங்கே இருப்பவர்களுக்கு ஒன்று. மைநம்பர் கார்டையே (நம் ஆதார் மாதிரியான அடையாள அட்டை) காப்பீட்டு அட்டையாகக் காட்டினால் உச்சவரம்புக்கு மேல் கவுன்டரில் கேட்க மாட்டார்கள். இல்லாவிட்டால் முதலில் 30 சதவீதத்தையும் கட்டிவிட்டு, அதிகப்படியை மாதங்கள் கழித்துத் திரும்ப வாங்க வேண்டிவரலாம். ஆஸ்பத்திரியில் சேருவதற்கு முன்பே இதைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

என் மாத்திரைக்கு ஒரு வருஷம் முடிந்த அன்றைக்கு எனக்கே ஞாபகம் இல்லை. டாக்டர்தான் திரையைப் பார்த்துவிட்டு, "இன்றிலிருந்து இரண்டு மாதத்துக்குத் தரலாம்" என்றார். மருந்துக் கடையில் ஸ்டிக்கர் ஒட்டும்போது அந்த அம்மா 60 என்ற எண்ணைப் பேனாவால் ஒரு வட்டம் போட்டுக் காட்டிச் சிரித்தார். பை கொஞ்சம் கனமாக இருந்தது, பில்லும்தான்.